அருவிக்கரையில் அணைத்த கரண்ட்

அன்புள்ள அத்தான்,

நீண்ட ஆலோசனைக்குப் பின் நேற்று ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனி எனக்குக் காபி முக்கால் டம்ளர்தான். அக்கா அறிவித்தாள், எதிர்ப்பு இல்லை. உங்களுக்கு இருந்த அதே நடுக்கம், ரத்த சம்பந்தம் இல்லாமலே என் கைக்கும் வந்துவிட்டது.

அடுத்த மாதம் மதுரையில் எனக்கும் மூளைக்குள் எலக்ட்ரோடு வைக்கிறார்கள். நெஞ்சில் பேட்டரி, அணைக்க ஒரு ரிமோட், எல்லாம் உங்களுக்கு வைத்ததுபோல்தான். பேச்சு போய்விடுமோ என்றுதான் பயம். கரண்ட் ஓடினால் உங்கள் கை நடுக்கம் நின்றது, நாக்கு குழறியது. பாத்திரக்கடையில் வாயாலேயே வியாபாரம் செய்த நீங்கள், அக்கா ஊட்டிவிடுவது பிடிக்காமல் கையைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

அந்தக் குற்றாலக் குளியல் நினைவிருக்கிறதா? எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு நடந்தபோது அக்கா மறித்தாள். ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடாத குடும்பம் நம்முடையது.

"கரண்ட அணைச்சிட்டுப் போங்க. மத்தவங்களுக்கும் ஷாக் அடிக்கும்லா."

அணைத்தீர்கள். கை ஆடத் தொடங்கியது. அருவியில் நிற்கிற எல்லாருமே நடுங்குவதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையேறி, பழைய தெளிவான குரலில் சொன்னீர்கள்:

"ஏட்டி, கொழம்புல உப்பு கூடுதலா இருக்கு. எத்தன நாளா சொல்லணும்னு நெனைக்கேன்."

அக்கா அழுதாள். உப்புக்காக அல்ல.

குளிக்க அணைக்கவே வேண்டாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் மதுரைக்காரர், அருவியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று குழறிக்கொண்டே தள்ளிவிட்டீர்கள். ஒவ்வொரு சாரல் சீசனுக்கும் அருவிக்கு வந்து அணைத்தீர்கள். பேசினீர்கள்.

உங்கள் எலக்ட்ரோடின் நுனியில் இருந்தவை முழு வளையங்கள். கரண்ட் நாலாபக்கமும் பரவி, பக்கத்திலிருந்த பேச்சு நரம்புகளையும் தொட்டது. இப்போது வளையத்தை மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வேண்டிய துண்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, பேச்சுப் பக்கம் போகாமல் திருப்பலாமாம். நாக்கு பெரும்பாலும் தப்பிக்கும் என்கிறார் டாக்டர். இது அன்றே வந்திருந்தால் நீங்கள் குற்றாலத்துக்கு வந்திருப்பீர்களா?

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன், அத்தான். ஆபரேஷனுக்குப் பின் என் நாக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அக்காவின் குழம்பைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், அவள் இன்றும் பாதி உப்புதான் போடுகிறாள்.

உங்கள் மைத்துனன்,
தென்காசி