எஃகு மூடி

நாள் 212 · 09:10
செவ்வாய், மூன்றாம் வீடு. வசிப்பவர் இருவர். நான் எழினி, குழாய்ப் பொறியாளர். இன்பராசு, பாறை ஆய்வாளர். காற்றழுத்தம் சரி. வெளியே தூசி குறைவு.
இன்றைய வேலை: கழிவுநீர் இறங்கும் செங்குத்துக் குழாயின் அடிவளைவில், அடைப்பு எடுக்கும் வாய்க்கு மூடி தேர்வு. குழாய் சுவருக்குள் போகிறது. வெளியே தெரிவது இந்த வாய் மட்டும்.
கையிருப்பில் இரண்டு வகை. டோர் டீ: பக்கவாட்டில் சிறு கதவு, நான்கு திருகு, ரப்பர் வாஷர். கை உள்ளே போகும். வாஷர் தேய்ந்தால் நாறும். மற்றது மரையிட்ட எஃகு மூடி. சுவரோடு சுவராக நிற்கும்.
மூடியைப் போட்டேன்.
தலைமைத் தளத்திலிருந்து வானொலியில் பிளம்பர் சவரிமுத்து அண்ணன்: “டோர் டீயப் போடும்மா. நாளைக்கு அடைச்சா உள்ள போறது உன் கைதான், உன் டிகிரி இல்ல.”
மூடியை மாற்றவில்லை.

நாள் 230 · 16:25
நாற்றம். மூடியின் மரை வழியாக. இன்பராசுவின் படுக்கை அதற்கு மூன்றடி தள்ளி. பத்து நாளாக அவன் தூங்கவில்லை.
மரையைச் சுற்றிப் பசை பூசினேன். ஊரில் எங்கள் அடுக்ககத்தில் எல்லாரும் செய்வது. கை துடைத்த துணியைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். குப்பை அறை இரண்டு மாடி மேலே.
நாற்றம் நின்றது.

நாள் 301 · 11:50
கழிவுநீர் இறங்கவில்லை. குளியலறைத் தரையில் மேலேறுகிறது. அடைப்பு அடிவளைவில்.
மூடி திரும்பவில்லை. பசை மரையில் இறுகிவிட்டது. ஸ்பேனர் வழுக்கி, அதன் தலை மழுங்கிவிட்டது. டிரில் பிட் மூன்று உடைந்தன.
கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போனால்தான் குடிநீர். தொட்டியில் இருப்பு: ஐந்து நாள், இருவருக்கு.
சவரிமுத்து அண்ணன்: “கட்டரோட வண்டிய எடுத்துட்டேன்மா. ஒரே புழுதி. ஒம்போது நாளாவது ஆவும். ரெண்டு பேரும் பாத்துக் குடிங்க.”
இன்பராசுவும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாள் 302 · 07:15
அவன் வெளியுடை மாட்டும் கொக்கி காலி. உடையில் எட்டு மணி நேரக் காற்று.
அவன் அனுப்பியது: “எழினி, தேடி வந்துறாத. அண்ணன எதிர்ல போயிக் கூட்டிட்டு வரேன். நாத்தம் வந்தா எனக்குத் தூக்கம் வராதுன்னு உனக்குத் தெரியும்ல. கொஞ்சம் நடந்தா சரியாயிடும்.”
இருமுறை அழைத்தேன்.

நாள் 302 · 15:30
சமிக்ஞை இல்லை.
இருப்பைத் திருத்தினேன். எட்டு நாள், ஒருவருக்கு.

நாள் 305 · 10:00
காற்றழுத்தம் சரி. குடித்தது ஒரு பங்கு. அவன் குவளையைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தினேன்.
அழ முயன்றேன். நீர் வீணாகும் என்று நிறுத்தவில்லை. வரவில்லை.

நாள் 308
மூடியின் முன் உட்கார்ந்திருந்தேன். அதில் என் முகம் தெரிகிறது. நல்ல எஃகு.

நாள் 310 · 13:05
சவரிமுத்து அண்ணன் வந்தார். வெளியுடையைக் கழற்றவில்லை. மூடியை அறுத்தார். வாய் போதவில்லை, சுவரையும் உடைத்தார். தலைக்கவச வானொலியில் பேசிக்கொண்டே வேலை.
“அந்தப் பையன் எங்கம்மா? வழியெல்லாம் பாத்துட்டே வந்தேன்.”
காலியான கொக்கியைக் காட்டினேன். அண்ணன் கையை முழங்கைவரை குழாய்க்குள் விட்டிருந்தார்.
“கையில மாட்டுது. துணிம்மா. பசையா, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. சுத்தி அழுக்கு சேந்துருக்கு. யாரு போட்டது இது?”
தெரியாது என்றேன்.
“அவன்தான் போட்டிருப்பான். பாறை பொறுக்குறவனுக்குக் குழாயப் பத்தி என்ன தெரியும். பாவம்.”
ஆமாம் என்றேன்.

நாள் 310 · 17:40
தண்ணீர் இறங்குகிறது. சத்தம் கேட்கிறது.
டோர் டீ பொருத்தியாயிற்று. நான்கு திருகு. நாறுகிறது.
அண்ணன் தன் அறிக்கையில், துணியைப் போட்டவர் என்று அவன் பெயரை எழுதினார். நான் கையெழுத்திட்டேன்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: அந்தத் துணியைப் போட்டது —