பச்சையம்மா வீட்டுத் திவசம்

மரக்காணம்
4.6.2005

பச்சையம்மா,

உப்பு லாரி கவிழ்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதில் உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் தலையில் அடிபட்டுப் பிழைத்தார். "உனக்கென்னடி, பூவும் பொட்டும் இருக்குது" என்று சொல்லிவிட்டு பக்கத்துப் பிரம்மதேசம் ஊருக்குப் போனவள்தான், அப்புறம் நீ என்னோடு பேசவில்லை.

எனக்கும் உன் மேல் வயிறெரிகிறது.

உன்னை நடுவில் உட்காரவைத்து உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பதினாறு நாள் உன்னை அடுப்பு மூட்ட விடவில்லை. நான் அழுதால், "குத்துக்கல்லாட்டம் புருஷன வெச்சிக்கினு ஏன்டி அழுவுற?" என்று அதட்டுகிறார்கள்.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஒரு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு. நான் கிட்டே போனேன்.

"நேரமாவுதும்மா, உங்க வூட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

இன்று காலையில் பூ வைக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை.

வருகிற வியாழக்கிழமை உங்கள் வீட்டில் வருஷத் திவசம் என்று கேள்விப்பட்டேன். நீ கூப்பிடாவிட்டாலும் வருவேன். பெண்கள் உன்னைக் கட்டிக்கொண்டு அழும்போது நானும் அந்தக் கூட்டத்தில் உட்காருவேன். உன் வீட்டுக்காரருக்காக அழுகிறேன் என்றே எல்லாரும் நினைக்கட்டும். நீ மட்டும் என்னை அதட்டாதே.

உன்னோடு உப்புப் பாத்தி மிதித்தவள்