பேஸ் கேட்குதா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் சாலையில் ஸ்கூட்டியை நகர்த்தவே முடியவில்லை. முதுகில் பேஸ் கிட்டார், காலடியில் அதன் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப், ஹாண்டிலில் மாமியார் கொடுத்தனுப்பிய தேங்காய் சாதமும் புளியோதரையும். எடமலைப்பட்டி புதூருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஒத்திகை முடிந்துவிட்டது.

அமிர்தராஜ் வீட்டு மாடி அறையில்தான் எங்கள் குழு கூடுகிறது. அவர் கீபோர்டு, ஆசீர் ட்ரம்ஸ், சுபஸ்ரீ பாட்டு, நான் பேஸ். டப்பா காலியானதும் அமிர்தராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ட்ரம்ஸ் சேந்தா உங்க பேஸ் கேக்கவே மாட்டேங்குது. சுபஸ்ரீ ரிசப்ஷனுக்கு பேஸை நான் இடது கையிலயே வாசிச்சுடறேன். நீங்க சும்மா கூட நில்லுங்க, போதும்."

கூட நிற்க வேண்டுமாம். நான் என்ன குத்துவிளக்கா?

செப்டம்பர் 13 ரிசப்ஷன். மணப்பெண்ணே மேடையில் பாடப்போகிறாள். அவள் ஆசையாய்த் தேர்ந்தெடுத்த பாட்டு பேஸ் மட்டும் தனியாக ஒலித்துத் தொடங்குவது. அதையும் இடது கையில் வாசிப்பாரா?

சுபஸ்ரீ வாசல்வரை வந்து, "கோதாக்கா, எனக்கு நீங்கதான் வாசிக்கணும்" என்றாள். அதற்காகவாவது ஏதாவது செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 5

இன்று வாசிக்கவில்லை. "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகஸ்ட் 9, சனி

ஆபீஸ் அரைநாள் லீவு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருக்கும் இசைக்கருவிக் கடைக்கு என் வீட்டுக்காரர் தேசிக்கையும் இழுத்துக்கொண்டு போனேன். என் ஆம்பின் ஸ்பீக்கர் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது என்று சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அது ரூம்ல பழகறதுக்கு மேடம். ட்ரம்ஸ் முன்னாடி நிக்காது. இதுல வாசிங்க."

பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த கேபினட். உயரம் என் இடுப்பு வரை. அதன்மேல் தனியாக ஒரு ஆம்ப். தடித்த தந்தியை ஒரு தட்டு தட்டினேன். சத்தம் காதுக்கு வரவில்லை, வயிற்றுக்கு வந்தது! எட்டு வயதில் கையில் வீணை, முப்பத்தெட்டில் பேஸ். இந்த மூன்று வருடத்தில் என் பேஸ் இவ்வளவு பெரிதாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

புதிது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பழையது கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பின்பக்கம் எழுதியிருக்கும் ஓம், அதாவது மின்தடைக் கணக்கைப் பார்த்து வாங்குங்கள் என்றார். "ஆம்ப் தாங்கறதைவிடக் கம்மி ஓம் பெட்டியை மாட்டினீங்கன்னா ஆம்ப் சூடேறிப் போயிடும்."

தேசிக் கணக்கு வாத்தியார். திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை. "பெட்டி நம்ம மாடிப்படி திருப்பத்துல திரும்பாது கோதா."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லால்குடிக்குப் போய் வந்தோம். ஆசீர்தான் விளம்பரத்தைப் பார்த்துச் சொன்னான். ஆனந்தவள்ளி என்று ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும், சொந்தமாக வயல் பார்க்கிறார். அவருடைய தம்பி மெல்லிசைக் குழு நடத்திவிட்டு இப்போது சிங்கப்பூரில். அவன் விட்டுப்போன ஆம்பும் கேபினட்டும் டிராக்டர் கொட்டகையில் இருந்தன. பெட்டியின்மேல் ஒரு கோழி.

"அது எறங்காதுங்க. அதோட எடம்னு நெனச்சுக்கிச்சு" என்றபடி கோழியைத் தூக்கி இடுக்கிக்கொண்டார்.

ஓம் பொருந்தியது. வாசித்தேன். பிரமாதம்! ஆனால் ஒரு சுரத்துக்கு மட்டும் உள்ளே கரகரவென்று ஏதோ உதறியது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று எனக்குப் பகீரென்றது. தேசிக் முன்பக்கக் காற்றுத் துளையில் கைவிட்டுத் துழாவினார். ஒரு பிடி நெல், காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று, எலி கடித்த செருப்பு வார்.

"பாத்தீங்களா, எங்க வயல் நெல்லு எங்கெல்லாம் வெளைஞ்சிருக்கு!" ஆனந்தவள்ளி சிரித்த சிரிப்பில் கோழி பறந்தது. "இன்னொருக்கா வாசிங்கம்மா. தம்பி போனதுலேருந்து இதுக்கு வாயே இல்ல."

மூன்று பாட்டு வாசித்துவிட்டுத்தான் குட்டியானையில் ஏற்றினோம்.

ஆகஸ்ட் 18

நேற்று ராத்திரி பெட்டி படித் திருப்பத்தில் திரும்பவில்லை. தேசிக், பக்கத்து வீட்டு இரண்டு பேர், குட்டியானை டிரைவர் என்று நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். மேலே நின்று மாமியார், "தலைகீழா நிமுத்துங்கோ! சாய்ங்கோ! ஐயோ, சுவர்!" கடைசியில் தலைகீழாக நிமிர்த்தியதும்தான் திரும்பியது. தேசிக் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அழுதுகொண்டே வந்தேன்.

பெட்டியை மறுபடி இறக்கி, வண்டி பிடித்து, எடமலைப்பட்டி புதூர் மாடிக்கு ஏற்றி, திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து... எதுக்கு? ஆம்பில் அடி ஒலியைக் கூட்டும் பேஸ் திருகை வீட்டில் வைத்திருந்த மாதிரியே முழுக்கத் திருகி வைத்தேன். முதல் பாட்டிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லாம் ஒரே கும்கும். என் விரல் எங்கே இருக்கிறது என்று எனக்கே கேட்கவில்லை. ஆசீர் பாவம், தாளத்தை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறான்.

அமிர்தராஜ் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். "அக்கா, இப்ப சத்தம் இருக்கு. சுரம் இல்ல."

அவ்வளவுதானா நான்? பெட்டி சின்னதா இருந்தாலும் கேக்கல, பெருசா இருந்தாலும் கேக்கல. அப்ப பெட்டி மேல தப்பில்ல, என் மேலதான்னு ஆகுது இல்லையா? ஆபீஸ் உண்டு, வீடு உண்டுன்னு இருக்கறதை விட்டுட்டு...

நாளைக்கு யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 27

பிள்ளையார் சதுர்த்தி, ஆபீஸ் லீவு. இன்று ஒன்று கண்டுபிடித்தேன்! கை பரபரக்கிறது, அதனால் கோணல்மாணலாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பிய பிறகு அவர்கள் வாசித்ததை ஆசீர் போனில் பதிவு செய்து அனுப்பியிருந்தான். அதை டிவியில் போட்டுக்கொண்டு கூடவே வாசித்தேன். தனியாக வாசித்தால் தேனாக இருப்பது, பதிவோடு சேர்ந்ததும் கரைந்துபோகிறது. ஏன்? பெரிய ட்ரம் அடிப்பதும் அதே அடி ஆழத்தில். அமிர்தராஜின் இடது கையும் அங்கேதான். மூன்று பேரும் ஒரே கிணற்றில் குதித்தால் யார் குரல் கேட்கும்?

பேஸ் திருகைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். நடுவிலிருக்கும் 'மிட்' திருகை ஏற்றினேன். தனியாகக் கேட்டால் சகிக்கவில்லை. சளி பிடித்தவர் பேசுவதுபோல் மூக்கால் ஒலித்தது. பதிவைப் போட்டேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, பளிச்சென்று!

நம்பவில்லை. மறுபடி வாசித்தேன். அதற்குள் அடுக்களையிலிருந்து மாமியார், கொழுக்கட்டை மாவுக் கையோடு எட்டிப்பார்த்தார். "இத்தனை நாள் கீழ லாரி நிக்கறதுன்னு நெனச்சிண்டிருந்தேன். இப்பத்தான் பாட்டுன்னு தெரியறது."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அமிர்தராஜ் வீட்டு மாடியில் கேபினட்டை ஒரு பெஞ்சின்மேல் ஏற்றி வைத்தேன். தரையில் இருந்தால் அது என் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. மூலையிலிருந்தும் நகர்த்திவிட்டேன், மூலையில்தான் கும்கும் அதிகம்.

மீதி ஒரு வேலை, அதுதான் கஷ்டம்.

"அமிர்தராஜ், ஒரே ஒரு பாட்டுக்கு இடது கையை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா ஓட்டையாயிடும்க்கா. பழக்கமே இல்ல. சர்ச்சுல தனியா வாசிச்சு வாசிச்சு அந்தக் கை தானா போகுது."

"ஓட்டையானா நான் அடைக்கிறேன். அடைக்க முடியலேன்னா நானே விலகிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆசீர் சட்டென்று குச்சியைத் தட்டி எண்ணத் தொடங்கினான். நல்லவேளை.

அமிர்தராஜ் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வரி போயிருக்கும். பெரிய ட்ரம்மை மிதிக்கும் ஆசீரின் காலும் என் விரலும் ஒரே இடத்தில் விழுந்தன. அடுத்த வரியிலும். அவனுக்கு வாயெல்லாம் பல். பாட்டு முடியும்வரை அமிர்தராஜின் கை மடியைவிட்டு எழவில்லை.

"இன்னொரு வாட்டி போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 13, சனி

கல்யாண மண்டபத்திலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை.

எல்லாம் சரியாக வைத்தாயிற்று. விளக்கு மாறியது, நான் மட்டும் தொடங்கினேன். எட்டுச் சுற்று முடிந்ததும் சுபஸ்ரீ பாட வேண்டும். ஆறாவது சுற்றில் திரும்பிப் பார்க்கிறேன், மைக் முன்னால் ஆளில்லை! மாப்பிள்ளையின் அத்தை, "ஒரே ஒரு போட்டோம்மா" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மேடையின் அந்தக் கோடியில் முப்பது பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கண்ணால் கெஞ்சுகிறாள்.

நிறுத்தினால் அசிங்கம். எட்டாவது சுற்று முடிந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஆசீர் சேர்ந்துகொள்ளக் குச்சியைத் தூக்கினான், அமிர்தராஜ் கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம், அக்கா பாத்துப்பாங்க."

அக்காவுக்கு உள்ளங்கை வேர்த்துக்கொட்டியது. அதே சுற்றில் ஒரு சுரத்தைக் கூட்டினேன், கடைசியில் மேலே ஓடி இறங்கினேன். பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நாலாவது வரிசையில் யாரோ கைதட்டித் தாளம் போட, பின்னால் ஐஸ்கிரீம் கவுண்டர்வரை அது பரவிவிட்டது. மண்டபம் முழுக்கக் கைத்தாளம், நடுவில் என் நாலு தந்தி. பயம் எப்போது போனதென்றே தெரியவில்லை.

சுபஸ்ரீ புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, மூச்சிரைக்க மைக்கைப் பிடித்து, சரியான இடத்தில் எடுத்தாள். கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டது.

முடிந்ததும் அந்த அத்தை என்னிடம் வந்து, "உங்க பாட்டுல ஆரம்பம்தாம்மா ரொம்பப் பிரமாதம்" என்றார். அவரால்தான் என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நவராத்திரி முடிந்து கொலுப்படி பிரித்ததில் கூடம் காலியாக இருந்தது. போன வாரம் அமிர்தராஜ் போன் செய்து, "அந்தப் பெட்டியை எங்க மாடிக்கு ஏத்தி எறக்கறதுக்குப் பதிலா நாங்களே ஸ்ரீரங்கம் வந்துடறோம்க்கா. வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டிருந்தார். கீழே டியூஷன் சென்டர், ஞாயிறன்று பூட்டியிருக்கும். மாமியாரிடம் கேட்டேன். எத்தனை பேருக்கு அடை வார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

காலையில் கொலு இருந்த இடத்தில் ஆசீர் ட்ரம்ஸைப் பரப்பினான். சுபஸ்ரீ மெட்டி சிணுங்கப் படியேறி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியாக வந்தவர் அமிர்தராஜ். கீபோர்டைத் தோளில் சுமந்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் எங்க நிக்கட்டும்க்கா?"

என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.