கடிக்கிற பூட்ஸ்

நம் ஹாரினின் அப்பாவுக்கு,

அடுப்பில் மீன்கேக் சூப் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

சியோலிலிருந்து வந்து உங்களிடம் பனிச்சறுக்குப் பழகுகிறாளே ஒரு ரோஜா நிற ஜாக்கெட்காரி, அவளைப் பற்றி எனக்கென்ன. நேற்று அவள் முகத்தைப் பார்த்தபடியே சரிவு முழுக்கப் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போனீர்கள். புதியவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், தெரியும். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். பிறகு கல்யாணம் செய்துகொண்டீர்கள்.

இன்று காலை வாடகைக் கவுன்ட்டரில் அவளுக்கு பூட்ஸ் எடுத்துக்கொடுத்தது நான்தான்.

"அக்கா, ரொம்பக் கடிக்குதே" என்றாள்.

"இறுக்கமா இருந்தாத்தாம்மா பனியில நிக்க முடியும்" என்றேன்.

பாதிச் சரிவிலேயே திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பித்தான் வந்தாள், உங்கள் முதுகில் ஏறிக்கொண்டு. பக்கத்துக் கவுன்ட்டர் ஓக்ஹி அக்கா என் தோளை இடித்தார். "கல்யாணத்தன்னைக்கு உன்னை முதுகுல சுமந்தப்ப மூச்சு வாங்குச்சே உன் வீட்டுக்காரருக்கு, இப்ப பாரு என்னா தெம்பு."

நாளைக் காலை அவளுக்குச் சரியான அளவே கொடுப்பேன். மதியத்துக்குமேல் எனக்கு விடுப்பு, நானும் சரிவுக்கு வருகிறேன். எனக்கென்று ஒரு அளவு சிறிய ஜோடியாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி