ஏழாம் கதவின் பூதம்

நாள் 38,114. 08:10
விண்கப்பலின் முன்பகுதிக் கட்டுப்பாட்டு அறை. பதிபவள்: செண்பகவடிவு, பராமரிப்புப் பொறியாளர். காற்றழுத்தம் சீர். அணு உலை வெப்பம் சற்றே அதிகம். குளிர்நீர்க் குழாய் ஒன்றை நாளை மாற்ற வேண்டும். பள்ளி வளையத்தில் பதினோரு பிள்ளைகள். என் மகள் குவளையும் அங்கேதான். சாப்பிட அடம்பிடித்துவிட்டுப் போனாள்.

10:42
விண்கல் மோதியது. பள்ளி வளையத்தின் பாதை தானாக அடைத்துக்கொண்டது. ஆசிரியர் கடம்பன் உணவெடுக்க இந்தப் பக்கம் வந்திருந்தார். பிள்ளைகள் தனியே மாட்டிக்கொண்டார்கள். காற்று இருக்கிறது. சூடேற்றி நின்றுவிட்டது. கடம்பனும் மற்றவர்களும் அடைப்பைத் துளைக்கிறார்கள். ஆறு மணி நேரம் ஆகும். பிள்ளைகளோடு பேச என் மேசையிலுள்ள ஒலித்தொடர்பு மட்டும்தான்.

11:30
உள்ளே நான்கு டிகிரி. குவளை பேசினாள்:
"அம்மா, எல்லாருக்கும் நடுங்குது. ஏழாம் கதவு மட்டும் சூடா இருக்கு. அதுல சாஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கோம்."
அந்தக் கதவின் பின்னால் உலை. குழாய் உடைந்து அந்தப் பக்கம் நீராவியும் கதிர்வீச்சும் நிரம்பிவிட்டன. மூடியிருக்கும் வரை கதவு தாங்கும். மின்பூட்டு போய்விட்டது, கைப்பிடியைத் திருப்பினால் திறந்துவிடும்.

11:34
இதைக் கண்டெடுப்பவருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் தலைமுறையினர் எச்சரிக்கைப் பலகைகளை நம்பவில்லை. பலகை மங்கும், பிள்ளைக்குக் கதை சொல்லாத வீடு இருக்காது என்று நினைத்தார்கள். அதனால் ஏழாம் கதவுக்குப் பின்னால் ஒரு பூதத்தை வைத்தார்கள். கதவு சுட்டால் பூதம் விழித்துவிட்டது, திறந்தவர் திரும்பவில்லை. என் அம்மா எனக்கு அப்படித்தான் சொன்னாள்.

குவளை மூன்று வயதில் அதைக் கேட்டுக் காய்ச்சலில் விழுந்தாள். நான் முடிவை மாற்றினேன். என் பூதம் நல்லது. தனியாக அழும். குளிரில் வரும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளும். மற்ற அம்மாக்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். நன்றிகூடச் சொன்னார்கள். பாவி நான்.

12:15
உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: பூதம் இல்லை, திறந்தால் சாவு. குவளை சிரித்தாள்:
"பூச்சாண்டி காட்டாதம்மா. சாப்பிடலன்னாலும் இப்படித்தான் சொல்லுவ."
அவள் மேல் தப்பில்லை. இன்று காலைகூட ஒரு வாய் சோற்றுக்காகப் பேயைக் கூப்பிட்டேன்.

13:50
அதட்டலுக்கு மசியாதவர்கள் கதைக்கு மசிந்தார்கள். ஒலிபெருக்கி கதவுக்கு எதிர்ச்சுவரில். அதனடியில் உட்கார்ந்தால்தான் கதை என்றேன். வந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் பதினோரு "உம்". இன்னும் மூன்று மணி நேரம். தொண்டை கட்டுகிறது.

15:05
இரண்டு டிகிரி. எட்டு "உம்".
"மூணு பேரு கதவுகிட்ட போயிட்டாங்கம்மா. குளிருதாம்."
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வரவில்லை.

15:40
நான்கு "உம்".
"அம்மா, உள்ள சத்தம் கேக்குது. பூதம் அழுவுது."
நீராவி சீறுகிறது கண்ணே. அழுகை இல்லை. சொன்னேன். கெஞ்சினேன்.

16:02
கடம்பன்: "இன்னும் அரை மணி நேரம். பேச்ச நிறுத்தாதீங்க."
பழைய முடிவை, அம்மா சொன்ன அதே குரலில் சொன்னேன். யாரும் உம் கொட்டவில்லை.
"குவளை?"
"கொஞ்சம் இரும்மா. பாவம், அது ரொம்ப நேரமா தனியா இருக்கு."

16:04
ஏழாம் கதவு திறந்திருப்பதாக விளக்கு காட்டுகிறது. விளக்கு பழுதாக இருக்கலாம். நான் கதையை நிறுத்தவில்லை. குவளை, உம் சொல்லு. ஒரே ஒரு