கிர்ணியில் கல் நின்ற நாள்

அக்கா, பெரிய செய்தி, நம் கிர்க்கி ஊர் மாவு கிர்ணியில் மதராஸிகளின் ஈர அரிசியை அரைக்கவென்றே தனி மிஷின் வந்துவிட்டது, இனி அதிரசத்துக்கு யாரும் திண்டாட வேண்டாம்!

காலனியே குதித்தது, நானும் குதித்தேன். புது மாவின் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

அப்போது கல் கிர்ணி ஒன்றுதான். ஈர அரிசி போட்டால் மாவு கல்லில் அப்பிக்கொள்ளும், கல்லைத் தூக்கிச் சுரண்ட வேண்டும். அதனால் கிர்ணிக்காரர் வாங்கவே மாட்டார். அதிரசத்துக்கோ ஈரம் வேண்டும். ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, ஊறிய அரிசியை டப்பாவில் போட்டு, மேலே காய்ந்த அரிசியைத் தூவி எடுத்து வந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நீங்கள். வீட்டுக்காரரின் சின்னக் கடை வருமானம் போதாமல், ஃபாக்டரிப் பையன்களுக்கு இடியாப்பம் அவித்துக் கொடுத்தீர்கள். வாரம் ஒரு டப்பா மாவு உங்களுக்கு வேண்டும். பேச்சுவாக்கில் என் டப்பாவுக்குள் விரலை விட்டீர்கள்.

"ஈரமா இருக்கே புள்ள. ஒரு வெயில் காட்டிட்டு வந்தா என்ன?"

"குளிருக்கு அப்படித் தெரியுதுக்கா," என்றேன்.

என் அரிசி எப்படியோ அரைபட்டு மாவாக விழுந்துவிட்டது. உங்கள் அரிசி பாதி இறங்கியபோது கல் முனகி நின்றது. கிர்ணிக்காரர் மராத்தியில் கத்தினார்: பண்டிகை நேரத்தில் கல்லைக் கெடுத்துவிட்டாளாம், இனி அவள் டப்பா இந்தப் படி ஏறக்கூடாதாம். மிச்ச அரிசியை அள்ளிக் காட்டினீர்கள். அவர் பார்க்கவில்லை. வரிசையில் நம் காலனிக்காரர் ஒருவர் உங்களைப் பார்த்து, இவங்க எப்பவும் இப்படித்தான் என்றார். நான் சூடான டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தீர்கள். கையை நீட்டிக் காட்டவில்லை.

தீபாவளியன்று அதே மாவில் சுட்ட அதிரசத்தை உங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதைக்கூடச் செய்தேன் அக்கா. ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "மாவு நல்லா வந்திருக்கு," என்றீர்கள்.

அதற்கப்புறம் வாரா வாரம் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி தாபோடி கிர்ணிக்கு நடந்தீர்கள். ஜன்னலிலிருந்து பார்ப்பேன். நான் தூக்கி வரட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்று கிர்ணிக்காரரிடம், அன்று கல்லில் அப்பியது என் ஈர அரிசிதான் என்று எல்லாம் சொன்னேன். எந்தப் பொம்பளை என்று கேட்டார். இடியாப்பம் விற்ற அக்கா என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த டப்பாவை வாங்கிக்கொண்டார். மனசிலிருந்து இறக்கி வைக்கப் போனதை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீடு வீடாகச் சுற்றி வரும் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிற காலனிக்காரர்களே, அன்று வரிசையில் உங்களில் ஆறேழு பேர் நின்றீர்கள். அக்கா அள்ளிக் காட்டிய அரிசி கையில் ஒட்டாமல் உதிர்ந்ததைப் பார்த்தீர்கள். நோட்டை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் முன், கீழே விட்டிருக்கிற இடத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசியாக வாங்குகிறவர் அக்காவின் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். தன் மனைவிதான் கல்லைக் கெடுத்தாள் என்று அவர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்.