அஞ்சு மாடியை இடித்துவிட்டார்கள், அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் சொல்ல வேண்டியது வேறு. ஜங்ஷனில் உங்கள் அஞ்சு மாடிக் கட்டடம் இப்போது இல்லை. போன மாதம் இடித்து முடித்துவிட்டார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் அதன் லிஃப்டை ஓட்டினீர்கள். திருநெல்வேலியில் கோயில் கோபுரத்தை விட்டால் அதுதான் உயரம் என்றிருந்த காலம். கொழும்பில் வியாபாரம் பார்த்துத் திரும்பிய முதலாளி, அங்கே கண்டதைப் போல இங்கும் ஒன்று வேண்டும் என்று கட்டினார். முதல் மழைக்கே சரிந்துவிடும் என்று ஊர் பேசியது. யாரும் வாடகைக்கு வரவில்லை. அவர் மனைவி மக்களோடு ஐப்பசி மழை முழுக்க ஐந்தாவது மாடியில் குடியிருந்து காட்டினார். அதற்குப் பிறகுதான் துணிக்கடை வந்தது, வக்கீல்கள் வந்தார்கள், டைப்ரைட்டிங் வகுப்பு வந்தது. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து, லிஃப்டில் ஏறி இறங்கவென்றே ஜனங்கள் வந்தார்களாம். “பைய ஏறுங்க, பயப்படாதிய” என்று இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவீர்களாம். பயத்தில் உங்கள் கையைப் பிடித்தவர்களில் டைப்ரைட்டிங் படிக்க வந்த அம்மாவும் ஒருத்தி. அதை மட்டும் அம்மா ஒத்துக்கொண்டதே இல்லை.

மார்கழி வெள்ளத்தில் ஜங்ஷன் முங்கியபோது, வழியில் மாட்டிக்கொண்டவர்கள் அந்தக் கட்டடத்துக்குத்தான் ஓடினார்கள். இரண்டு நாள் மேல் மாடிகளில் கிடந்தார்கள். நீங்கள் பாளையங்கோட்டை வீட்டிலிருந்து, “பாத்தியா, ஊரே அங்கனதான ஓடிச்சு” என்று பெருமைப்பட்டீர்கள். அந்தத் தண்ணீர்தான் அஸ்திவாரத்தில் இறங்கி வேலையைக் காட்டியது. கோடைக்குள் தூண்கள் விரிசல் விட்டன.

இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் மனு எழுதினீர்கள். இது ஊரின் பாரம்பரியக் கட்டடம், காப்பாற்ற வேண்டும் என்று நூறு பேரிடம் கையெழுத்து வாங்கினீர்கள். அந்த மனு வந்து சேர்ந்தது எங்கள் அலுவலகத்துக்கு. பழைய கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளர் வேலை எனக்கு. என் மேலதிகாரி கடிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எஸ்தர், இது உங்க அப்பா எழுத்துல்லா?” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பாரம்பரியம்னா கோயில், கோட்டைன்னு இருக்கணும்மா. இது வாடகைக் கட்டடம்லா.”

சோதனைக்கு என்னை அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு யாராவது அவசரமாகப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாதே என்று நானே போனேன். காப்பாற்றிவிடலாம் என்றுதான் போனேன், அப்பா.

மூன்று முறை போனேன். கீழ்த்தளத்துத் தூணில் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். கான்கிரீட் பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துருதான் இருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. மேலே நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ‘இடிக்கப் பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம், நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். “என்னம்மா, போய்ப் பாத்தியா? எப்படி இருக்கு?” என்று கேட்டீர்கள்.

“நல்லாத்தான் இருக்குப்பா. கொஞ்சம் பூசிவிட்டாப் போதுங்காவ. இடிக்க மாட்டாவ.”

“நாந்தான் அப்பமே சொன்னேம்லா” என்றீர்கள். மருந்து கொடுக்க வந்த நர்ஸிடமும் சொன்னீர்கள். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டீர்கள். நான் பேசிய நேரமெல்லாம் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தெரிந்துகொண்டுதான் கேட்டீர்களா?

இடிக்கும் அன்று நான் அங்கே நிற்க வேண்டியிருந்தது. ஐந்தாவது மாடியிலிருந்து தொடங்கினார்கள். உங்கள் லிஃப்டைப் பழைய இரும்புக்கு அறுத்து லாரியில் ஏற்றினார்கள். இரண்டாம் மாடியில் அத்தர் கடை வைத்திருந்த உங்கள் கூட்டாளி, காயல்பட்டினத்துக் காதர் மாமா, எதிர்ச்சாரியில் நின்றார். என்னைக் கண்டதும் கிட்டே வந்தார்.

“கையெழுத்து நீதானாமே, எஸ்தர்?”

“ஆமா, மாமா.”

“நெசமாவே விழுந்திருக்குமா?”

“விழுந்திருக்கும்.”

“எப்ப?”

“அதத்தான் சொல்ல முடியாது, மாமா. நாளைக்கே விழலாம். பத்து வருசம் நின்னாலும் நிக்கும்.”

அவர் லாரியில் கிடந்த லிஃப்டைப் பார்த்தார். “பத்து வருசம் எனக்குப் போதுமேம்மா” என்றார். கடைச் சாமான்களை இரண்டு பெட்டியில் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். போன் போட்டால் எடுப்பதில்லை.

நான் எழுதியது சரிதான். இன்னொரு முறை சோதித்தாலும் அதையேதான் எழுதுவேன். அது சரி என்பதால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. அந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். அங்கே ஒரு பலகையாவது வைக்கலாமே என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. இனி சொல்லவும் மாட்டார்கள்.

அப்பா, இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வெற்றிடத்தைத் தாண்டும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இதுக்குக் கையெழுத்துப் போட்டவன் நல்லா இருப்பானா?” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், “மழை வரும் போலிருக்கும்மா” என்றேன்.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். வரும் மாதம் அச்சாகும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒரு எழுத்து விடாமல் வாசிப்பாள், உங்களுக்குத் தெரியும். அவள் அதை அச்சில் தெரிந்துகொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவள் எதிரே உட்கார்ந்து என் வாயாலேயே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் போனாலும் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக உங்களிடம் பொய் சொன்ன மகள்,
எஸ்தர்